மைக்கில் போகாத பதில்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? யாங்கோனில் நான் நலம். நீங்கள் என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வீடியோவில் என் சம்மதம் கேட்டீர்களே, அப்போது என் லேப்டாப்பின் மைக் வேலை செய்யவில்லை. இங்கே அடிக்கடி கரண்ட் போகும். பேட்டரிக்காக லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்புவேன். எழுந்ததும், லேப்டாப்பின் அடித்தள மென்பொருளான கெர்னலில் உள்ள ஒலி டிரைவர் மைக்கை இயக்காமலே இயக்கியதாகத் திரையில் காட்டுகிறது. ஆபீஸில் உட்கார்ந்து தேடினேன். அந்த டிரைவரின் நிரலில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. எழுதிச் சேர்த்ததும் அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கை மா சூ, "ஒரு வரிக்கா இவ்வளவு அழுகை?" என்றாள்.

உங்கள் பேச்சு எனக்கு நன்றாகக் கேட்டது. "பாருங்க அத்தான், வாய் அசையுது, சத்தமே வரல! பொண்ணுக்கு அவ்ளோ வெக்கம்" என்று மாமா சிரித்தார்.

"அப்ப சரின்னுதான் அர்த்தம். தட்ட மாத்துங்க" என்றீர்கள்.

வேண்டாம் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "கேக்கல, இன்னொரு தடவ சொல்லும்மா" என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு எந்த வரியைச் சேர்ப்பது?

இங்கே தாகேதா பகுதியில் நான் தங்கியிருக்கும் அறையில் பேச ஆளில்லை. அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொள்ள நம் ஊரிலிருந்து யாங்கோன் வரும் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள்.

கரண்ட் போகும் நேரம், முடிக்கிறேன். மாப்பிள்ளையிடம் நானே போனில் பேசிவிட்டேன். அவருக்கு நன்றாகக் கேட்டது.

மகள்,
சுகந்தி