குசினிச் சுவரில் நான்கு துளைகள்

அப்பா,

முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் கடிதம் வாசிக்கிற ஆள் இல்லை. வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் உறையைக் கிழிக்காமலே என்னிடம் நீட்டி, "பாத்திட்டுச் சுருக்கமாச் சொல்லு பிள்ளை" என்பீர்கள். இப்போது உங்களுக்கே எழுதுகிறேன். வாசித்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்களோ தெரியாது. வாயால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கு வாயால் சொல்ல வராது, உங்களுக்கும் வராது. அதனால்தான் இது இத்தனை காலம் கிடந்தது.

நீங்கள் போய் ஒரு வருடம்; அடுத்த கிழமை உங்கள் ஆட்டைத் திவசம். சனம் வரும், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும் என்று அம்மா சொன்னார். ஆள் பிடிக்கவில்லை, நானே அடிக்கிறேன். இரண்டு நாள் முன்பே சுண்ணாம்பை வாளியில் ஊறவிட்டு, பழைய சேலைத் துணியால் வடித்து, ஒரு பிடி உப்பும் கொஞ்சம் நீலமும் கலந்தேன். நீங்கள் செய்வது போலத்தான். இன்று காலை அம்மா சமைக்கும் குசினிச் சுவரில் தண்ணீர் தெளித்துப் பழைய பூச்சைச் சுரண்டத் தொடங்கினேன். ஈரச் சுண்ணாம்பின் மணம் எழுந்தது. நீங்கள் சுண்ணாம்பு அடித்த நாட்களில் கழற்றிப் போட்ட உங்கள் சேட்டில் நிற்கும் அதே மணம். யன்னலுக்கு வலப் பக்கம் வந்ததும் என் கை நின்றது. நான் போட்ட அந்த நான்கு துளைகளும் இருந்த இடம் அது.

எங்கள் வீட்டில் ஆணி கிடையாது. பல்கலைக்கழக விடுதியில் ஒருமுறை இதைச் சொன்னபோது கூட இருந்தவள், "அப்ப கலண்டர் எதில கொழுவுவீங்கள்?" என்று கேட்டாள். யன்னல் கம்பியில் என்றேன். சாமிப்படம்? அதுவும் யன்னல் கம்பியில்தான். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

உங்களுக்கு அதற்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "கழட்டேலாத சாமானை வீட்டுக்குள்ள வைக்கக்கூடாது." என் புத்தகத் தட்டு கூரை வளையிலிருந்து நான்கு கயிறுகளில் தொங்கியது. இரண்டு பலகை, ஒவ்வொரு பலகைக்குக் கீழும் ஒரு முடிச்சு. பலகை சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு தட்டத்தில் விளிம்பு வரை தண்ணீர் விட்டுப் பலகை மேல் வைப்பீர்கள். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கக் கயிற்றை ஏற்றுவீர்கள். எறும்பு இறங்காமல் கயிற்றில் மண்ணெண்ணெய் தடவுவீர்கள். பழைய சைக்கிள் சில்லுக் கம்பிகளை வளைத்துத் திரைச்சீலைக்குக் கொழுக்கி செய்தீர்கள். கூரைத் தகட்டின் வெக்கை இறங்காதபடி உரப்பைகளைக் கழுவி, வெட்டி, அம்மாவைக் கொண்டு ஒன்றாகத் தைப்பித்து, நாலு மூலையிலும் நாடா வைத்துக் கட்டினீர்கள். வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோய்ப்போம். ஊரில் முகட்டைத் தோய்த்துக் கொடியில் காயவிடுகிற வீடு எங்களுடையது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுச் சாந்தி அக்கா அதைக் கண்டுவிட்டு வேலிக்கு மேலால் கேட்டார்: "மாமா, உங்கட வீட்டில ஆக்களையும் கழட்டி மடிச்சு வைக்கலாம் போல கிடக்கு."

"உன்ர மனுசனைக் கொண்டு வா பிள்ளை. முதல்ல அவனைக் கழட்டிப் பாப்பம். திருப்பிப் பூட்டுறது உன்ர பொறுப்பு."

வெளியாட்களோடு இப்படி உங்களுக்கு வாய் வரும். என்னோடு கதைக்கும்போதுதான் "ம்".

என் மேசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது ஒரு கதவு. இரண்டு மரக்கால்களின் மேல் படுத்துக் கிடந்தது. நான்கு போல்ட்டைத் திருகினால் மறுபடி கதவாகிவிடும். தாழ்ப்பாளை நீங்கள் கழற்றவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த இரண்டு வருடமும் அது என் முழங்கையில் இடித்தது. அந்தக் கதவின் கதையை அம்மாதான் எனக்குச் சொன்னார். இந்த வீட்டுக்கு முன்னர் நீங்கள் மூன்று வீடு கட்டினீர்களாம். சண்டை நெருங்க, முதல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு வந்தீர்கள். மூன்றாவதை விட்டு வெளிக்கிடும்போது உழவு இயந்திரப் பெட்டியில் இடம் கிடைத்தது. ஆணி அடித்திருந்த தகரமெல்லாம் கழற்றும்போது கிழிந்தது. போல்ட் பூட்டியிருந்த கதவு மட்டும் முழுதாக வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் ஆணி வாங்கவில்லை.

இடம்பெயர்ந்தவர்களுக்கான வீட்டுத்திட்டப் படிவம் நிரப்பிய நாள் நினைவிருக்கிறதா? நான்தான் எழுதினேன். வீட்டின் தன்மை: நிரந்தரம், தற்காலிகம். ஒன்றுக்குப் புள்ளடி போடவேண்டும். நீங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள்.

"எதுக்குப் போட்டனி?"

"நிரந்தரத்துக்கு அப்பா."

"பென்சிலால போடலாமோ?" என்று கேட்டீர்கள்.

கடைசியில் வீடு வந்தது. கல்லுச் சுவர், சீமெந்து நிலம். சுவரைக் கழற்ற முடியாது என்பதுதான் உங்களுக்கு அதில் இருந்த ஒரே குறை.

குசினிக்குள் மட்டும் கயிற்றுத் தட்டு இல்லை. நெருப்புக்குக் கிட்டக் கயிறு கூடாது என்றீர்கள். அதனால் தூள், உப்பு, கடுகு, புளி எல்லாம் கைபிடி வைத்த ஒரு மரப்பெட்டியில் நிலத்தில் இருந்தன. தூக்கிக்கொண்டு ஓட வசதி. ஆனால் ஒரு கறி இறக்குவதற்குள் அம்மா எத்தனை தரம் குனிவார்! குனிந்து நொந்த நாரிக்கு எண்ணெய் பூசச் சொல்லி ஒவ்வொரு பின்னேரமும் என்னைக் கூப்பிடுவார்.

பல்கலைக்கழகக் கடைசிப் பரீட்சை முடித்து வந்த அந்த மாதம் நான் குசினிக்கு இரண்டு பலகை வைத்த ஒரு தட்டுச் செய்தேன். வட்டக்கச்சிச் சந்திக் கடையில் எறிந்த மரப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கேட்பதற்கு முன் கடையை மூன்று தரம் கடந்து போனேன். ஆணிகளைப் பிடுங்கி, பலகையை அரத்தாளால் தேய்த்து, கடும் தேயிலைச் சாயத்தை இரண்டு தரம் பூசினேன். வெளிறிய பலகை பழைய முதிரை மரம் போல நிறம் பிடித்தது. போனில் பார்த்துப் படித்ததுதான். நீங்கள் வயலுக்குப் போன நேரம் சாந்தி அக்காவின் வீட்டில் துளைபோடும் மெசினை வாங்கி வந்து நான்கு துளை போட்டு, திருகாணியால் பூட்டினேன். அம்மா மிளகாய்த்தூள் போத்தலைத் தூக்கி வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தார். பிறகு குனியாமலே எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்.

நீங்கள் வந்தீர்கள். கால் கழுவினீர்கள். குசினி வாசலில் நின்று பார்த்தீர்கள்.

"எவ்வளவு நேரத்தில கழட்டலாம் பிள்ளை?"

அம்மாதான் பதில் சொன்னார்: "இஞ்சருங்கோ, பிள்ளை ஆசையாச் செய்தது. இருந்திட்டுப் போகட்டுமன்."

"நான் கழட்டச் சொன்னனானே? கேட்டனான், அவ்வளவுதான்."

அடுத்த நாள் தேத்தண்ணீரைத் தட்டுக்கு முதுகு காட்டி இருந்து குடித்தீர்கள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நானே கழற்றினேன். திருகாணிகள் பாதி கையாலேயே உருவி வந்தன. சுவர் பொரிந்து கொட்டியது. "அஞ்சு நிமிசம் அப்பா" என்றேன். "ம்" என்றீர்கள். தட்டு கதவு மேசைக்குக் கீழே போனது. அம்மா மறுபடி குனியத் தொடங்கினார்.

பிறகு எனக்கு வேலை கிடைத்துப் பயிற்சிக்காக வவுனியாவுக்குப் போனேன். அடுத்த மாதம் வந்து பார்த்தபோது துளைகள் இல்லை. சுவர் வெள்ளையாக, ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. சீமெந்து வைத்து அடைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். என் வாயையும் சேர்த்து அடைத்தது போல இருந்தது அப்பா. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் ஒரு பொருளை இடம் மாற்றியதுகூட இல்லை. கிழமைக் கடைசியில் வந்து விருந்தாளி போல இருந்துவிட்டுப் போனேன். நீங்கள் ஏதாவது பூட்டிக்கொண்டு இருக்கும்போது குறடு எடுத்துத் தரச் சொன்னால் எடுத்துத் தந்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. போன வருடம் நெல் வெட்டு முடிந்த கையோடு நீங்கள் போய்விட்டீர்கள். கேட்கிறதற்கும் ஆள் இல்லை.

இன்று காலை அந்த இடத்தில் சுரண்டியபோது கத்தி அலகு வழுக்கியது. சீமெந்து கரகரக்கும், இது அப்படி இல்லை. தண்ணீரை ஊற்றித் துடைத்தேன். பெருவிரல் நகமளவு வட்டமாக மரம் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கீழே இரண்டு. நான்கும் பாலை மரம், சுவரோடு மட்டமாக இறுகி இருந்தன.

"அம்மா! இஞ்ச ஒருக்கா வாங்கோ. இதை அப்பா எப்ப அடிச்சவர்?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நீ வவுனியாவுக்குப் போன கிழமை. மூண்டு நாளா இருந்து செதுக்கினவர். குசினி முழுக்க மரத்தூள். நான் நல்லா ஏசினனான்."

"என்னத்துக்காம்?"

"கல்லுச் சுவரில திருகாணி நேரா நிக்காதாம். சாமான் ஏத்தினா ஒரு நாளைக்கு என்ர தலையிலதான் விழுமாம். மரக்கட்டை இறுக்கி அதுக்குள்ள பூட்டினா அசையாது, எத்தினை தரமும் கழட்டிப் பூட்டலாம் எண்டவர்."

"அப்ப ஏன் அவர் பூட்டேல்லை?"

"நானும் கேட்டனான். அது பிள்ளையின்ர தட்டு, அவள் வந்து பூட்டட்டும் எண்டவர்."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "சொல்ல விட்டனியே? தட்டெண்டு வாயெடுத்தாலே எழும்பிப் போயிடுவாய். அவரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ அந்தச் சுவரைப் பாக்கிறியோ எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தவர். நீ பாக்கேல்லை. வாய் பேசாத ரெண்டு பேருக்கு நடுவில நான் என்ன செய்யிறது?"

எத்தனை சனிக்கிழமைகள் அப்பா!

மேசைக்குக் கீழிருந்து தட்டை இழுத்தெடுத்தேன். உரப்பையால் சுற்றிக் கட்டியிருந்தீர்கள். ஒரு தரம் இழுத்தால் அவிழ்கிற உங்கள் முடிச்சு. பலகையில் கறையான் ஏறவில்லை; வேப்பெண்ணெய் பூசியிருந்தீர்கள். என் நான்கு திருகாணிகளும் கிரீஸ் தடவிய தாளில் மடித்து உள்ளே இருந்தன. மெசின் தேவைப்படவில்லை. கையாலேயே திருகினேன். கடைசிச் சுற்றில் மரம் திருகாணியைப் பிடித்தது உள்ளங்கையில் தெரிந்தது. தட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு நேரம் பார்த்துக் கழற்றினேன். நான்கு நிமிடம். மறுபடி பூட்டினேன். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். உங்கள் சொல்லை விடாமல், என் தட்டையும் விடாமல் நீங்கள் வழி செய்து வைத்திருக்கிறீர்கள். நான் சுரண்டிப் பார்க்கவில்லை.

அம்மா தூள், உப்பு, கடுகு எல்லாவற்றையும் அடுக்கினார். மத்தியானம் கத்தரிக்காய்க் கறிக்கு ஒரு தரமும் குனியவில்லை. மேல் பலகையில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை.

அதைப் பற்றித்தான் கேட்கவேண்டும். இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி எழுதியது அதற்காகத்தான்.

பின்கதவுக்குப் பக்கத்தில், ஓடவேண்டி வந்தால் தூக்கவென்று நீங்கள் கட்டிவைத்த நீலப் பை இன்னும் கயிற்றில் தொங்குகிறது. காணிப் பத்திரம், மூன்று பேரின் பிறப்புப் பத்திரங்கள், இருட்டுக்கு ஒரு ரோச் லைற், மாற்றிக் கட்ட உங்கள் சாரம் ஒன்று. பட்டமளிப்பு முடிந்து வந்த அன்று என் சான்றிதழைக் கையில் வாங்கி, எழுத்தின் மேல் விரல் படாமல் ஓரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பொலித்தீனில் சுற்றி அதற்குள்தான் வைத்தீர்கள். "எங்க போனாலும் இது முதல்ல வரவேணும்" என்றீர்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் வாங்காத அந்தத் தாளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அம்மா வாரம் ஒருமுறை பையின் தூசியைத் தட்டுவார். அவிழ்க்கமாட்டார். இன்று நான் கையை நீட்டியபோது, "அதை மட்டும் அவரைக் கேக்காமல் தொடாதை" என்றார்.

பையை எறியமாட்டேன். மடித்துத் தட்டுக்குக் கீழே வைப்பேன். அதற்குள் இருப்பவற்றை மேல் பலகையில் அடுக்க ஆசைப்படுகிறேன். சான்றிதழைச் சுவரோடு சாய்த்து, அம்மா சமைக்கும்போது பார்க்கக்கூடிய மாதிரி. நாங்கள் இங்கே இருக்கப்போகிறோம் அப்பா. போகவேண்டி வந்தால் நான்கு நிமிடம் போதும்.

அம்மா குசினி வாசலில் நிற்கிறார். பை என் முன்னால் தொங்குகிறது. இதை எழுதி முடித்துவிட்டு, ஒருமுறை வாயாலும் கேட்கப் போகிறேன்.

அப்பா, அவிழ்க்கட்டே?