தூணம்மையின் சீலை

இரணியல்,
கொல்லம் 1112 கார்த்திகை 14
(1936 நவம்பர் 29)

பிரியமுள்ள முத்துக்கனிக்கு உன் பகவதி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் சென்னையில் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பதறாதே, நோய் நொடி ஒன்றும் இல்லை. விஷயம் வேறே.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டதாக மகாராஜா செய்த விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்து, நீ வேலை பார்க்கும் மியூசியத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். இங்கே முதல் வாரம் முழுக்கக் கூட்டம்தான். புதுக்கடையிலிருந்து உன் அப்பாவும் வந்திருந்தார். கோயில் தெரு முக்கு வரை வேகமாக வந்தவர், அங்கே கால் எழாமல் நின்றுவிட்டார். சின்ன வயதில் நீ நிற்பாயே, அதே இடம். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் அய்யாவழிக்காரர், சிலை இல்லாத பதியில் கும்பிடுகிறவர் அல்லவா, உள்ளே வந்தும் சிலையைக் கும்பிடவில்லை. "சாமி எனக்குப் பதியில இருக்காரு. எம் மவ படிச்ச தூணப் பாக்கணும், அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

விளக்கேந்தி நிற்கும் நம் தூணம்மை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது துணியையில்லா உடுத்திருக்கு? கல்லுல கொத்துன சீலைன்னு அவ சொன்னாளே" என்று கேட்டார். உள்ளே கல்லிலும் அதே மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பிவிட்டார். அது நான் சொன்ன இரண்டாவது பொய். முதல் பொய்யை உனக்குச் சொன்னேன்.

முத்துக்கனி, உன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை, தூணம்மையைப் பற்றியதை, அச்சுக்குக் கொடுக்காதே. டிசம்பர் பத்தாம் தேதி கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதற்குள் கொடுத்துவிட்டிருந்தால் ஓடிப்போய் நிறுத்து. தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வாசல் வரை போனேன். அங்கே இருப்பவர் என் கணவருக்குக் கூட்டாளி. வாசகத்தைப் படித்த கையோடு வீட்டுக்கு வந்து நிற்பார் என்று பயந்து திரும்பிவிட்டேன். இந்தக் கடிதத்தையே மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

நான் எப்படி வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். கோயிலுக்குள் காகிதமும் பென்சிலும் கொண்டுபோனால் ஆயிரம் கேள்வி வரும். இடுப்பில் ஒரு நூல்கண்டை முடிந்துகொண்டு போவேன். விளக்குக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் அளப்பேன். சாணுக்கு ஒரு பெரிய முடிச்சு, விரலுக்கு ஒரு சின்ன முடிச்சு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மறப்பதற்குள் வரைந்துவிடுவேன். அப்படி நாற்பத்தொரு படம். குளோரி டீச்சர் நம் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சில் வைத்துத்தான் படம் வரையச் சொல்லித்தந்தார். ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள், நீ எம்.ஏ. வரை போனாய். உன் படிப்பில் என் கையும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குப் பெருமை. நாற்பது படம் சத்தியம். மிச்சம் ஒன்று, தூணம்மையின் இடுப்புக்குக் கீழே உள்ளது, நான் பார்க்காமல் வரைந்தது.

அவளுக்கு எப்போதும் சீலை சுற்றித்தான் இருக்கும். எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடக்கும். உனக்கு நான் இதை எழுதவே இல்லை. சுகமாகப் பிள்ளை பெற்றவள்தான் புதுச்சீலை நேர்ந்து கொண்டுவருவாள். பூசை செய்யும் போற்றி திரை பிடிக்கச் சொல்வார். பழையதை அவிழ்த்துப் புதியதை உடுத்தி முடிக்கும் வரை அந்த ஒருத்தி மட்டும் திரைக்குள் நிற்கலாம். மற்றப் பெண்கள் பார்க்கக் கூடாது. எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. நான் திரைக்கு வெளியிலேயே நிற்கிறவள்.

மாமியார் கூப்பிட்டார். முற்றத்து நெல்லை வாரிவைத்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படத்தைக் கேட்டு நீ எழுதினாய். இது ஒன்றுதான் மிச்சம், கட்டுரை சித்திரைக்குள் போக வேண்டும் என்று அவசரப்படுத்தியிருந்தாய். பாப்பா பிறந்த சேதியும் அதே கடிதத்தில்தான் இருந்தது. அந்த மாதம்தான் எனக்கு மூன்றாவது தடவையும் தங்காமல் போனது. உனக்கு எழுதவில்லை. நேர்ச்சை செய்த பெண்கள் யாரிடமாவது போய், திரைக்குள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்டிருக்கலாம். பிள்ளையில்லாதவளுக்கு அது எதுக்கு என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் நான் எப்படித் தாங்குவேன்? உன்னிடம் முடியாது என்று சொன்னாலும், ஏன் என்று கேட்பாய். கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நான் உடுத்தியிருந்ததைப் பார்த்து வரைந்து அனுப்பிவிட்டேன்.

அதைப் போய் நீ இப்படிப் பிடித்துக்கொள்வாய் என்று கண்டேனா? கொசுவத்தை இடப்பக்கம் இரட்டையாக மடித்துச் செருகும் இந்தக் கட்டு வேறு எந்தக் கோயிலிலும் இல்லை, ஆகையால் இந்தச் சிற்பி மதுரைப் பக்கமிருந்து வந்தவன் அல்ல, இந்த மண்ணிலேயே பிறந்தவன் என்று இங்கிலீஷில் எழுதினாய். என் கணவர் படித்து அர்த்தம் சொன்னார். படத்தைப் பார்த்து, "இது நீ கெட்டுத கெட்டு மாதிரியில்லா இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என் ஒல்லி இடுப்பில் சீலை நிற்காது என்று என் அம்மா யோசித்துச் சொல்லித்தந்த கட்டு அது. நானூறு வருஷத்துக்கு முந்திய சிற்பி என்று நீ எழுதியிருப்பது என் அம்மாவைத்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கட்டுரையின் கடைசியில், என் தோழி பகவதியம்மாள் கண்ணால் பார்த்து வரைந்த படங்கள் என்று அச்சில் போட்டிருந்தாய். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தெரியும். அந்த ஆசைதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

இப்போது பயம்தான் எனக்குச் சோறும் தண்ணியும். பெண்பிள்ளைக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று உன் முகத்துக்கு நேரே கேட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்குள் காலே வைக்காதவள் கோயிலைப் பற்றி எழுதுகிறாளாம் என்று சிரித்தவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு படம் பொய் என்று தெரிந்தால் போதும், உன் எல்லாப் படிப்பையும் பொய் என்பார்கள். உங்கள் பெண்கள் போடக் கூடாதென்று விலக்கியிருந்த தோள்சீலையைப் போட்டதற்காக உன் பாட்டியின் அம்மையின் சீலையைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான், கல்லில் நிற்கும் பெண்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன் என்பாய். பத்து வருஷ உழைப்பு. அதை என் சீலைக்கட்டு கெடுத்துவிடக் கூடாது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், திட்டி எழுது. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. புத்தகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. படங்களையும் எல்லாம் எடுத்துவிடு. இல்லை, அந்த நாற்பதை எடுக்காதே. அவற்றில் ஒரு விரல்கூடத் தப்பில்லை. முடிச்சுப் போட்ட நூலெல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீயே வந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்.

நீ எழுதியிருந்தபடி மார்கழி வரை காத்திருக்காமல் உடனே புறப்பட்டு வா. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. சிவப்புச் சீலை ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். போற்றியிடமும் கேட்டாயிற்று. இனி எந்தச் சாதிப் பெண்ணும் நேர்ச்சை கொண்டுவரலாமாம், பிள்ளை பெற்றவளாக இருந்தால் போதுமாம். ஆகையால் நீ திரைக்குள் போகலாம். சின்ன வயதில் நீ தெருமுக்கில் நிற்பாய், நான் உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்து ஒன்று விடாமல் சொல்வேன். இந்தத் தடவை பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வெளியே நிற்கிறேன். நீ உள்ளே போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, அவள் எப்படி உடுத்தியிருக்கிறாள் என்று எனக்குச் சொல்லு மக்கா.

தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்
பகவதி