பேஜாரு புடிச்ச மூஞ்சி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நானும் பாப்பாவும் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நான் வேலைக்குப் போனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் சிலுவையம்மாள் அக்கா, நேற்று யாரிடமோ “பேஜாரு புடிச்ச மூஞ்சி” என்றது காதில் விழுந்தது. அகராதியைப் பார்த்தேன். பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல்லாம். வெறுத்துச் சலித்தவர் என்று பொருள். பாப்பாவைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சலிப்பு? ஆத்திரத்தோடு போய்க் கேட்டேன்.

“கொயந்தய நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? அது நாள் முச்சூடும் சிரிச்சிகினு கீது. நீ வந்து தூக்குனாதான் கம்முனு ஆயிடுது. உன்னத்தாம்மா சொன்னேன்!”

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடிந்து, லாரி நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று வருகிறவள் முகம் வேறு எப்படி இருக்கும்?

கருவாடு அனுப்ப வேண்டாம். பத்து நாள் நீங்களே வாருங்கள். பாப்பா விழித்துவிட்டாள், நிறுத்துகிறேன். சிரித்துக்கொண்டே தூக்க வேண்டும்.

உங்கள் மகள்,
ஜெனிட்டா