சிவப்பு ஐசி

4-8-1969, திங்கள்

கேம்ப் மெஸ்ஸில் இன்று கடைசி நாள். பத்து வருடம் வெள்ளைக்கார ஆபீசர்களுக்குப் பரிமாறினேன். படை மூட்டை கட்டுகிறது, நாங்களும் வெளியே. சார்ஜென்ட் ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்து, இதைக் காட்டினால் எந்த ஹோட்டலிலும் வேலை கிடைக்கும் என்றார். அதை நம்பிக்கொண்டே காஜா பேராங் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

7-8-1969, வியாழன்

கடற்கரைப் பக்கத்து ஹோட்டல். மேனேஜர் கடிதத்தை முழுக்கப் படித்தார். நாளைக்கே வரமுடியுமா என்றார். பிறகு ஐசி, அடையாள அட்டை, கேட்டார். பிரஜைகளுக்கு நீலம், எனக்குச் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரஜையல்லாத வெளிநாட்டுக்காரனுக்கு இனி வேலை பெர்மிட் வேண்டுமாம். சட்டம் வந்துவிட்டதாம்.

வெளிநாட்டுக்காரன். இருபத்தொரு வருடமாக இந்த மலாய் நாட்டுத் தண்ணீரைக் குடிக்கிறேன்.

9-8-1969

இன்று மூன்று கடை. மூன்றிலும் முதல் கேள்வி ஐசி நிறம்.

19-8-1969

என் மனைவி பூங்காவனம் கேட்டேவிட்டாள்: "பதியிற நேரத்துல பதிஞ்சிருக்கலாம்ல? எங்கப்பா எத்தன தடவ சொன்னாரு."

பதிந்திருக்கலாம். சுதந்திரம் வந்த வருடமே பிரஜையாகியிருக்கலாம். நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடுவேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன், அதனால் பதியப் போகவில்லை. சரி, அம்மா இறந்து எட்டு வருடமாயிற்றே, அப்புறம் என்ன? சோம்பல். வேறென்ன சொல்ல.

25-8-1969

எங்கள் தெருவிலேயே தியாகு புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறான். "தேவதாஸ் அண்ணே, இங்கிலீஷ் பேசி பரிமாற ஆள் வேணும். நானே உங்களுக்கு பெர்மிட்டுக்கு எழுதிப் போடுறேன்" என்றான். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

12-9-1969, வெள்ளி

பதில் வந்துவிட்டது. இல்லை. இந்த வேலைக்கு உள்ளூர்ப் பிரஜைகள் இருக்கிறார்களாம். இருக்கத்தான் செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரம் மாதக் கணக்கில் வேலை இல்லாமல் கிடந்தான். அந்த இடம் அவனுக்குப் போயிற்று. அவன்மேல் கோபப்படவும் வழியில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

14-9-1969

கேம்பில் கூட வேலை பார்த்த இரண்டு பேர் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். நாமும் நாகர்கோவிலுக்கே போய்விடலாம் என்று பூங்காவனத்திடம் சொன்னேன்.

"நீங்க திரும்பிப் போவீங்க. நான் எங்க திரும்பிப் போறது? நான் பொறந்ததே இங்க புக்கிட் பாருவுலதான்."

மகள் ஜெயா பாடப் புத்தகத்தோடு கதவோரம் நின்றிருந்தாள். "அப்பா, அங்க ஸ்கூல்ல மலாய் இருக்குமா?"

இருக்காது. அவள் கைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்.

5-10-1969, ஞாயிறு

தியாகு வீட்டுக்கு வந்தான். அவன் கடைச் சமையல்காரம்மா நின்றுவிட்டாளாம். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: "அக்காவுக்கு நீல ஐசிதானேண்ணே?"

"எங்க வீட்டுப் பொம்பள கடையில வேல செய்யமாட்டா. போயிட்டு வா."

அவன் போனபிறகு பூங்காவனம் காலி அரிசி டின்னைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

6-10-1969

பூங்காவனத்திடம் வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டேன்.

18-10-1969, சனி

ஜெயாவைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் தியாகு கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். கோழிக் கறி பூங்காவனத்தின் கைப்பக்குவம். வாயில் வைத்ததுமே தெரிந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். எனக்குப் பெருமையா, வயிற்றெரிச்சலா? இரண்டும்தான்.

எழுந்திருக்கும்போது கை தானாக அந்த மேசைத் தட்டுகளை அடுக்கி எடுத்துவிட்டது. தியாகு ஓடிவந்தான். "அண்ணே, வச்சிருங்க. யாராச்சும் பார்த்தா ரெண்டு பேருக்கும் வம்பு."

வைத்தேன். கலியாணசுந்தரம் வந்து எடுத்துப் போனான். தலை நிமிரவில்லை அவன். ஜெயா என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள், வீடு வரைக்கும்.

25-10-1969

பிரஜையாகப் பதிய மனு கொடுத்தேன். வருடங்கள் ஆகலாமாம்.

2-11-1969, ஞாயிறு

பூங்காவனம் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்தாள். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளம். சோறும் மீன் குழம்பும் நான் ஆக்கி வைத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"என்ன இது? நீங்களும் உக்காருங்க."

"நீ சாப்பிடு."

மெஸ் பழக்கம், இடப்பக்கம் நின்று பரிமாறினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

கொண்டுவந்து வைத்தேன்.