காணாமல் போன கார்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அப்பாவின் கோபமும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொன்னால் அப்பா நடுவில் பிடுங்கிக் கதையையே மாற்றிவிடுவார், அதனால்தான் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். புது வீட்டிலிருந்து இருவரும் ஆபீஸ் போய்வர கார் வாங்குவதா, ரயில் பாஸ் எடுப்பதா என்று கேட்டிருந்தாய், சனிக்கிழமைக்குள் ஷோரூமில் பதில் சொல்ல வேண்டும் என்றாய். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசவே இப்போதெல்லாம் நேரம் வாய்ப்பதில்லை என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நல்லவேளை, உனக்கான பதில் நம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. காலையில் என்னை மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் அச்சகத்துக்குப் போவார், வழியில் நான் வாயைத் திறந்தால் "வண்டி ஓட்றப்போ பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று எரிந்து விழுவார். இப்போது பாலத்தை வேறு பழுதுபார்க்கிறார்கள், ஊரையே சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எனக்கு இடுப்பு போய்விடுகிறது, அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடுகிறது. டாக்டரே திட்டிவிட்டார். ரயிலில் போகலாம் என்று நான் நச்சரித்தது தாங்காமல், "ஒரே ஒரு நாள் வரேன், அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று போன புதன்கிழமை கிளம்பினார். அதற்கும் ஸ்டேஷன் வரை நடக்க மாட்டேன் என்று காரில்தான். ரயிலில் கைக்கு வேலை இல்லையா, கொஞ்ச நேரம் முழங்காலில் தாளம் போட்டார், பிறகு பேச ஆரம்பித்தார் பார், நிறுத்தவே இல்லை. முதலாளியின் மச்சான் நோட்டீஸைத் தலைகீழாக அச்சடித்த கதையெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். திடீரென்று, "உன் மேசைப் பக்கத்துல ஜன்னல் இருக்கா" என்று கேட்டார். இத்தனை வருஷமாக வாசலில் இறக்கிவிட்ட மனுஷன். இல்லை, சுவரைப் பார்த்துதான் லென்ஸ் தேய்க்கிறேன் என்றேன். ம் என்றார். சாயங்காலம் திரும்பும்போதும் பேச்சு, இறங்கியும் பேச்சு, பேசிக்கொண்டே வீடுவரை நடந்து வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் வாசலில் காரைக் காணோம். அப்பா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு டீச்சர் வாயில் நுரையும் கையில் பிரஷுமாக ஓடி வந்தாள். வேலைக்கு நேரமாகிறது, போகிற வழியில் போலீசில் சொல்லலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அப்போதுகூட எனக்கும் நினைவு வரவில்லை, நம்பினால் நம்பு. அங்கே பார்த்தால் நம் கார், மேலெல்லாம் இலை உதிர்ந்து, விட்ட இடத்திலேயே நிற்கிறது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, திருடன் ஒழுங்கா பார்க் பண்ணிட்டுப் போயிருக்கான்" என்றாரே பார்க்கலாம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஆனால் சாவி அவர் சட்டைப் பையில்தானே இருந்தது, எடுத்தும்விட்டார். ஏறிக் கிளம்பிவிடுவார், இனி பழையபடி வாயை மூடிக்கொண்டுதான் பயணம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ரயில் வரும் சத்தம் கேட்டது. சாவியை என் கைப்பையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். உள்ளே ஜன்னலோரம் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. என்னை அதில் உட்கார வைத்து, "கடையிலதான் சுவரு, இங்கயாவது வெளிய பாரு" என்று சொல்லிவிட்டு, வழி முழுக்கப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார்.

அதனால் ஷோரூமில் வேண்டாம் என்று சொல்லிவிடு கண்ணு. மாப்பிள்ளை முதலில் தாளம்தான் போடுவார், நீ பொறுமையாக இரு. வெறும் வயிற்றோடு ரயில் ஏறாதே. இருவரும் வாய் ஓயாமல் பேசிச் சிரித்து நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்து ஞாபகப்படுத்து, கார் இன்னும் ஸ்டேஷனில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகும்
உன் அம்மா