குண்டு வந்துக்குது

கும்மிடிப்பூண்டி, புதன்கிழமை.

காலையில், எங்கள் உருக்காலையில் பழைய இரும்பு அள்ளும் கிரேனை ஓட்டுகிற முனுசாமி ஆபீசுக்குப் போன் செய்தார். "சார், குண்டு வந்துக்குது. இன்னா பண்றது?"

எங்கள் லாரி டிரைவர் ஒருவரைக் குண்டு என்றுதான் கூப்பிடுவோம். "உள்ள அனுப்புங்க" என்றேன். கிரேன்காரருக்கு உள்ளே என்றால் இரும்பை உருக்கும் உலை.

நல்லவேளை, அவர் கிரேனை நிறுத்திவிட்டு ஆபீசுக்கே வந்தார். "மெய்யாலுமே உலைல போடட்டா சார்? ரெக்க வெச்ச குண்டு சார் அது."

வெளிநாட்டு இரும்போடு வந்திருக்கிறது. வெடிக்காதது. மாலையில் அதை எடுத்துப்போன போலீஸ் நிபுணர், போருக்கு விமானம் புதிதாக வந்த காலத்துக் குண்டு என்றார். அப்போதெல்லாம் கையால் தூக்கித்தான் போடுவார்களாம்.

"போட்டவன் கீழ யார் இருக்காங்கன்னு பாத்திருப்பானா, தெரியல" என்றார் நிபுணர்.

காலையில் உள்ளே அனுப்பச் சொன்னபோது நான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.