படத்தில் இருப்பவள் என் பேத்தி, பள்ளிக்கு வராமல் இருப்பவள் சம்ரீன்

அனுப்புநர்
ம. ராக்கம்மாள் (வயது 67),
க/பெ. மருதை (காலஞ்சென்றவர்),
கதவு எண் 14/2, வாழைக்கொல்லைத் தெரு,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: முன்னாள் மாமன்ற உறுப்பினர் திரு. வெ. கோவர்த்தனன் இஸ்லாமியர்களையும் பாலஸ்தீன மக்களையும் இழிவாகத் தொடர்ந்து பேசி வருவது – பள்ளி மாணவியின் பெயரை மேடையில் சொன்னதால் அவள் படிப்பு நின்றிருப்பது – முடித்து வைக்கப்பட்ட என் புகாரை மறுபடி விசாரிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. என் புகார், நாள் 16.12.2025
2. காவல் நிலையத்தின் பதில், நாள் 05.01.2026

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் நாற்பத்தொரு வருடமாகக் குடியிருக்கிறேன். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் களத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். படித்தது ஐந்தாவது. மகன் அன்புச்செல்வன் மின்வாரியத்தில் கம்பியாளராக இருக்கிறான். பேத்தி இளவேனில் ஸ்ரீரங்கத்தில் உள்ள பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஓட்டுப் போடாமல் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. திரு. கோவர்த்தனனுக்கே இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அப்போது அவர் குடிதண்ணீர்க் குழாய் போடுவதைப் பற்றிப் பேசினார்.

2. எங்கள் தெருமுனையில்தான் அவருடைய கூட்டங்கள் நடக்கும். தடை செய்த கூம்பு ஒலிபெருக்கி இரண்டு, என் வாசலுக்கு நேர் எதிரே உள்ள கம்பத்தில் கட்டப்படும். கூட்டத்துக்கு நான் போக வேண்டியதில்லை. கூட்டம் என் அடுப்படிக்கு வந்துவிடும். 2023 அக்டோபரில் அவர் பேசியதைக் கேட்டு மனம் தாளாமல், பந்தோபஸ்துக்கு நின்ற காவலரிடம் மறுநாள் சொன்னேன். "அப்படியா பேசினாரு? என்ன வார்த்தை, என்னிக்கு, சரியா சொல்லுங்க பெரியம்மா" என்றார். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து அவர் பேசப் பேச, அன்றைய தேதியின் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். முன்பக்கம் தேதியும் கிழமையும் அச்சில் இருக்கிறது. பின்பக்கம் அவர் பேச்சு என் கையெழுத்தில் இருக்கிறது. இப்படிப் பத்தொன்பது தாள்கள். நகல் எடுத்து இணைத்திருக்கிறேன், அசலைக் கேட்டால் கொண்டு வந்து காட்டுகிறேன்.

3. எல்லாவற்றையும் இங்கே எழுதினால் தங்கள் நேரம் போய்விடும். நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதல் தாள்: "பாலஸ்தீனத்துல சாகுறது புள்ளைங்க இல்ல, பாம்புக் குட்டி. பாம்புக் குட்டிக்கு எவனாவது அழுவானா?" கூட்டத்தில் சிரித்தார்கள். அது எனக்குக் கேட்டது, அதையும் எழுதியிருக்கிறேன்.

ஏழாவது தாள், 2024 ரம்ஜான் மாதம்: "தள்ளுவண்டில பழம் விக்கிறானே, அவன் எந்த நாட்டுலேர்ந்து வந்தான்னு கேளுங்க. நீங்க குடுக்குற காசு எங்க போகுதுன்னு கேளுங்க." மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து கொய்யாப்பழம் விற்கும் ஹனீஃபாவிடம் ஆதார் கேட்டார்கள். ஹனீஃபா உறையூர்க்காரர். பதினாறு வருடமாக இதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர். ஆதாரைக் காட்டிவிட்டு, "உங்களுது எங்க தம்பி, அதையும் பாக்கலாமே" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் வண்டியைக் கொண்டு வருவதில்லை.

பதினேழாவது, பதினெட்டாவது தாள்கள்தான் இந்த மனுவுக்குக் காரணம்.

4. சென்ற நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, காசாவில் இறந்த குழந்தைகளுக்காகத் திருச்சியில் காவல்துறை அனுமதியோடு ஓர் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு அட்டை பிடித்து நின்றார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு குழந்தையின் பெயரும் வயதும் மட்டும் இருந்தன. என் பேத்தி என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். அவள் பிடித்த அட்டையில் வயது நான்கு என்று இருந்தது. தூறல் போட்டதால், கூடப் போன வகுப்புத் தோழி சம்ரீன், தன் பையில் இருந்த இன்னொரு முக்காட்டை எடுத்து இளவேனில் தலையில் சுற்றிவிட்டாள். ஈரம் பட்டால் இளவேனிலுக்கு மூச்சு இழுக்கும், அது சம்ரீனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாரோ எடுத்த படம் செல்போனில் பரவிவிட்டது.

5. நவம்பர் 29 அன்று (பதினேழாவது தாள்) திரு. கோவர்த்தனன் அந்தப் படத்தைப் பெரிய பேனராக அடித்து மேடையில் நிறுத்தினார். "துலுக்க வீட்டுப் பொண்ணு. நம்ம வரிப்பணத்துல படிக்கிறா. இன்னிக்கு அட்டை தூக்குறா, நாளைக்கு என்ன தூக்குவான்னு நான் சொல்லணுமா?" என்றார். பேனரில் இருந்தவள் என் பேத்தி. அவர் கட்சிக்காரர்களில் எங்கள் தெருவிலேயே பத்துப் பேருக்கு அவளைத் தெரியும். அவர் மேடையிலிருந்து இறங்குவதற்குள் அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

6. டிசம்பர் 6 அன்று அவருடைய உதவியாளர் ஜெயக்குமாரும் இன்னும் இரண்டு பேரும் தாம்பாளத்தில் பழமும் சால்வையும் வைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். ஜெயக்குமார் சொன்னது: "பெரியம்மா, அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டாரு. முக்காடு இருந்துச்சா, அவங்க வீட்டுப் புள்ளைன்னு நெனச்சுட்டாரு. நம்ம வீட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சா பேசியிருப்பாரா?"

"அவங்க வீட்டுப் புள்ளையா இருந்தா பேசலாமா தம்பி?" என்று கேட்டேன்.

"அட என்ன பெரியம்மா, நீங்க வெவரம் தெரியாம" என்று சிரித்தார்.

சால்வையை வாங்கவில்லை. பழத்தையும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் என்பதால் காபி மட்டும் கொடுத்தேன்.

7. ஐயா, இனி எழுதப் போவது என் தவறு. மறைத்து எழுதினால் மனு பொய்யாகிவிடும். காபி குடிக்கும்போது ஜெயக்குமார், "அந்த முக்காடு ஏது பெரியம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவர்களுக்கு நான்கு வார்த்தை உறைக்கும்படி சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் நான், "சம்ரீன்னு எம் பேத்தி கூடப் படிக்கிற புள்ள. நனைஞ்சா இவளுக்கு ஆவாதுன்னு தன்னுதக் கழட்டாத குறையா எடுத்துப் போட்டுவிட்டுச்சு. பாலக்கரையிலேர்ந்து தெனம் பஸ்ல வருது. உங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க, அவங்க வீட்டுப் புள்ளைங்க இப்படித்தான் இருக்கும்னு" என்றேன். சொன்னபோது பெருமையாக இருந்தது. நன்றாகச் சொன்னோம் என்று அன்றைக்கு மகனிடமும் சொன்னேன்.

8. டிசம்பர் 13 அன்று அதே முனையில், அதே ஒலிபெருக்கியில் அவர் பேசியது பதினெட்டாவது தாளில் இருக்கிறது. "போன கூட்டத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. படத்துல இருந்தது நம்ம புள்ள. அதுக்கு முக்காடு மாட்டிவிட்டது யாரு? சம்ரீன்னு ஒருத்தி. பாலக்கரையிலேர்ந்து பஸ் ஏறி வந்து, நம்ம புள்ளைங்க கூட உக்காந்து படிச்சு, நம்ம புள்ளைங்க தலையில துணியப் போடுறா." பள்ளியின் பெயரையும் சொன்னார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதில் இருந்தது, ஈரம் பட்டால் மூச்சு இழுக்கும் என்பதைத் தவிர. முந்தைய பேச்சைப் போலவே இந்தப் பேச்சையும் அவர்கள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். "திருத்தம்" என்று இதற்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள்.

9. டிசம்பர் 15, திங்கட்கிழமை காலை, பஸ்ஸில் ஒருவன் சம்ரீன் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்துக்கொண்டு, "திருத்தம் வந்துருச்சு, எல்லாம் தலையப் பாத்துக்கங்க" என்று கத்தினான். காவிரிப் பாலம் முழுக்க அவள் குனிந்தபடியே வந்தாள். அன்று வீட்டுக்குப் போனவள் பிறகு வரவில்லை. அரையாண்டுத் தேர்வில் நான்கு பாடம் எழுதவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் வரவில்லை. இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது.

10. மறுநாளே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன் (பார்வை 1). வந்த பதிலை (பார்வை 2) அப்படியே எழுதுகிறேன்: "சம்பந்தப்பட்ட மாணவியின் குடும்பத்தாரிடம் எதிர்மனுதாரர் தரப்பில் நேரில் வருத்தம் தெரிவிக்கப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கை அவசியமில்லை எனக் கருதி மனு முடித்து வைக்கப்பட்டது."

சம்பந்தப்பட்ட மாணவியின் குடும்பம் என்று எழுதியிருப்பது என் வீட்டை. வருத்தம் என்பது நான் திருப்பி அனுப்பிய அந்தச் சால்வை. சம்ரீன் வீட்டு வாசலை இதுவரை எவரும் மிதிக்கவில்லை. ஆளைத் தவறாகக் காட்டியதுதான் குற்றம், அப்படிப் பேசியது குற்றமில்லை என்று இந்தப் பதில் சொல்கிறது. இதை நான் ஏற்கவில்லை. என் பேத்திக்குத் தனியாக மன்னிப்பும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். 'துலுக்க வீட்டுப் பொண்ணு' என்று என் பேத்தியைச் சொன்னதில் எனக்கு ஒரு இழிவும் இல்லை. அதற்குப் பின்னால் சொன்னதுதான் இழிவு. அது யாரைச் சொன்னாலும் இழிவுதான்.

11. ஜனவரி 10 அன்று பாலக்கரைக்குப் போய் சம்ரீனின் தாயார் ஷரபுன்னிசாவைப் பார்த்து, பெயர் வெளியே போனது என்னால்தான் என்று சொன்னேன். "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானேம்மா சொன்னீங்க. விடுங்க, டீ குடிங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கும் சம்ரீனின் தகப்பனார் அப்துல் மாலிக், படித்தவரை போதும், மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடு என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சம்ரீன் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "ஆயா, இளவேனி ரெக்கார்டு நோட்டுல நான் வரைஞ்சு தர வேண்டிய படம் இன்னும் ரெண்டு இருக்கு. அடுத்த வாட்டி வரப்ப எடுத்துட்டு வாங்க." தன் நோட்டைப் பற்றி அவள் பேசவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் செய்முறைத் தேர்வு. அதற்கு வராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். தகப்பனார் சொல்வதைப் பார்த்தால் படிப்பே போய்விடும். நர்சிங் படிக்க வேண்டும் என்று இருக்கிற பிள்ளை.

12. இந்த மனுவில் சம்ரீன் பெயரை எழுதலாமா என்று அவளிடமும் அவள் தாயாரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஷரபுன்னிசா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். பத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பெயர் போகாமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

13. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

(அ) முடித்து வைத்த புகாரை மறுபடி எடுத்து, நவம்பர் 29 மற்றும் டிசம்பர் 13 பேச்சுகளுக்கு வழக்குப் பதிய உத்தரவிட வேண்டும். எந்தச் சட்டப் பிரிவு என்பது எனக்குத் தெரியாது, தங்களுக்குத் தெரியும். நான் சாட்சி சொல்ல வருவேன்.

(ஆ) இரண்டு பேச்சுகளையும் இணையத்திலிருந்து நீக்க வேண்டும். "திருத்தம்" என்ற அந்த இரண்டாவதை முதலில் நீக்க வேண்டும்.

(இ) ஜனவரி 31 அன்று எங்கள் தெருமுனையில் மறுபடியும் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அனுமதி கொடுக்கக் கூடாது என்று காவல் ஆணையர் அவர்களுக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

(ஈ) தேர்வு முடியும்வரை காலையும் மாலையும் பாலக்கரையிலிருந்து வரும் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் காவலர் நிற்க வேண்டும். சம்ரீன் எழுதாமல் விட்ட நான்கு பாடங்களுக்கு மறுதேர்வு வைக்கப் பள்ளிக்குச் சொல்ல வேண்டும். வைக்கத் தயாராக இருப்பதாகத் தலைமையாசிரியை அம்மா என்னிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஓர் உத்தரவு வந்தால் அவருக்கும் பலமாக இருக்கும்.

14. மகன் இந்த மனு வேண்டாம் என்றான். தெருவில் நாளைக்கு நம் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள் என்றான். காட்டட்டும், கதவு எண்ணைத்தான் மேலேயே எழுதியிருக்கிறேனே என்றேன். கடைசியில் அவனேதான் நகல் எடுத்துக் கொடுத்தான்.

15. பிப்ரவரி 2, திங்கட்கிழமை, சம்ரீன் பள்ளிக்கு வருகிறாள் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டேன். காலை ஏழேகால் மணி பஸ்ஸில் அவள் பக்கத்தில் நானே உட்கார்ந்து வருகிறேன் என்றும் சொன்னேன். ஷரபுன்னிசா தன் கணவருக்குப் போன் செய்து, மாற்றுச் சான்றிதழ் விஷயத்தை அதுவரை தள்ளி வைத்திருக்கிறார். தங்களைக் கேட்காமலே தங்கள் பெயரில் கொடுத்த வாக்கு இது. இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் உத்தரவு வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தேன். உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் அந்த பஸ்ஸில் நான் இருப்பேன். உத்தரவு வந்துவிட்டால், இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து வருவாள் அந்தப் பிள்ளை.

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

ம. ராக்கம்மாள்

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 19.01.2026

இணைப்பு: காலண்டர் தாள்களின் நகல் – 19, காவல் நிலையப் பதிலின் நகல், ஷரபுன்னிசாவின் சம்மதக் கடிதம்.

நகல்: மாநகரக் காவல் ஆணையர் அவர்கள், திருச்சிராப்பள்ளி, முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், திருச்சிராப்பள்ளி.